நீராவி சிலிண்டர் வார்ப்பு: மெல்லிய கோர் மிதக்கிறது, உதவி தேவை

வணக்கம். பழைய நீராவி எஞ்சின் ஒன்றை மறுபடி ஓட வைக்கும் வேலையில் இருக்கிறேன். சிலிண்டர் நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது. பற்றவைத்தும் நிற்கவில்லை. அதனால் புதிதாக வார்க்க மரத்தில் பேட்டர்ன் (மணலில் அச்சு பதிக்கும் மாதிரி) செய்திருக்கிறேன்.

வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும் என்பதால் அளவுகளை 1 சதவீதம் கூட்டினேன். கடைசல் பிடிக்கும் இடங்களில் 3 மி.மீ. கூடுதல். மணலிலிருந்து எடுக்கும்போது விளிம்பு பெயராமலிருக்க 2 டிகிரி சரிவு. இதுவரை சரி.

சிக்கல் நீராவி போகும் வழிகளில்தான். 8 மி.மீ. தடிமன், நடுவில் ஒரு வளைவு வேறு. சோதனையாக வார்த்ததில், அந்த வழிகள் வெற்றிடமாக அமைய அச்சுக்குள் வைத்த மணல் கோர் உருகிய இரும்பில் மிதந்து மேலே ஏறிவிட்டது. அறுத்துப் பார்த்தால் ஒரு பக்கச் சுவர் தகடு மாதிரி மெலிந்திருக்கிறது, உள்ளே குண்டூசித் தலை அளவில் வாயுக் குமிழ்கள்.

கோருக்குள் கம்பி வைத்தால் போதுமா, சாப்லெட் (வார்ப்புக்குள்ளேயே தங்கிவிடும் சிறு உலோக முட்டு) கொடுத்துத் தாங்க வேண்டுமா? சாப்லெட் இரும்போடு உருகிச் சேராவிட்டால் அங்கேயே நீராவி கசியுமே என்று பயமாக இருக்கிறது. அப்புறம், இவ்வளவு மெல்லிய கோரில் வாயு வெளியேற, சூட்டில் உருகித் துளை விடும் மெழுகு நூல் வைத்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு தடிமனில் வைத்தீர்கள்? கையால் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. கோருக்கு வடிவம் தரும் அடுத்த பெட்டியை அதற்குப் பிறகுதான் செதுக்கப் போகிறேன்.