ஈர்ப்பின் ஆற்றல் எந்த இடத்தில் இருக்கிறது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். கரூ வறள்நிலத்தில் உள்ள மீர்காட் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றிய பாடத்தில், அது கவனித்துள்ள இரட்டைப் பல்சரின் (ஒன்றையொன்று சுற்றிவரும் இரு நியூட்ரான் விண்மீன்களின்) சுற்றுப்பாதை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் சுருங்குகிறது என்று சொல்லி, சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். இழந்த ஆற்றலை ஈர்ப்பு அலைகள் கொண்டுபோகின்றன என்று முடித்தவுடன், "அப்படியென்றால் ஒரு கன மீட்டர் வெற்றிடத்தில் அந்த ஆற்றல் எவ்வளவு இருக்கும், சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மின்புலத்துக்கென்றால் ஒரே வரியில் எழுதிவிடுவேன். ஈர்ப்புக்கு அப்படியொரு வாய்பாடு இல்லை என்று பாடநூல் கைவிரிக்கிறது. எந்த இடத்திலும் இல்லாத ஆற்றலை அலை எப்படிச் சுமக்கும்?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஐயா, பாடநூல் சொல்வது சரிதான். மின்புலத்தின் ஆற்றல் அடர்த்தி புலவலிமையின் இருமடியைப் பொறுத்தது. ஈர்ப்பிலோ, கம்பி அறுந்து விழும் லிஃப்டுக்குள் இருப்பவர் தம்மைச் சுற்றிப் புலமே இல்லை என்பார். எந்தப் புள்ளியிலும் இப்படிப் புலத்தைச் சுழியாக்க முடியும் என்பதே சார்பியலின் அடித்தளம் என்பதால், அந்தப் புள்ளியில் "இவ்வளவு ஆற்றல்" என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எண் கிடைக்காது. ஐன்ஸ்டைன் ஒரு போலி டென்சரை, அதாவது தேர்ந்தெடுக்கும் ஆயமுறைக்கு (இடத்தைக் குறிக்கும் அச்சுமுறைக்கு) ஏற்ப விடை மாறும் ஓர் ஆற்றல் வாய்பாட்டை, முன்வைத்தார். ஆனால் ஒரு பொருளும் இல்லாத தட்டையான வெளியைக் கோள ஆயமுறையில் எழுதினால் அதே வாய்பாடு அங்கும் ஆற்றல் இருப்பதாகச் சொல்கிறது என்று 1918இல் பவுவர் காட்டினார். ஒரு நிறையைச் சுற்றியுள்ள புலத்துக்குத் தக்க ஆயமுறையைத் தேர்ந்தால் அந்த நிறைக்கு வெளியே எங்கும் சுழி வருவதை ஷ்ரோடிங்கர் காட்டினார். அதே ஆண்டில் வெளிவந்த கணிதவியலாளர் எம்மி நோதரின் புகழ்பெற்ற தேற்றமும் (சமச்சீர்மையை ஆற்றல் அழியாமை போன்ற விதிகளோடு இணைப்பது) இந்தச் சிக்கலை ஆராயப் போனதில் பிறந்ததே என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பதில் (கேப்டவுன்)

முன்னவர் சொன்னதோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகள் ஆற்றலே பொய் என்று எண்ணிக்கொள்வார்கள். வெகுதொலைவில் வெளி தட்டையாகிவிடும் அமைப்புக்கு மொத்த ஆற்றல் ஐயமின்றி வரையறுக்கப்பட்டுள்ளது. அது எதிர்க்குறி ஆகாது என்பதை 1979இல் ஷோன், யாவ் இருவரும் நிறுவினார்கள். அலைகள் வெளியேற வெளியேறக் குறையும் நிறையைப் போண்டி 1962இல் வரையறுத்தார். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான கருந்துளை மோதலில் சுமார் 3 சூரிய நிறை அலைகளாகப் போனதென்பது இத்தகைய கணக்குதான். நம் வீட்டு வாசலில் இருக்கும் மீட்டர் மொத்தத்தைக் காட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலென்றால் அறைக்கொரு மீட்டர் பொருத்த வழியுண்டு, இங்கே அதுதான் நடக்காது.

அலை ஆற்றலைச் சுமக்கிறதா என்ற ஐயத்துக்கு ஃபைன்மன் 1957இல் சொன்ன விளக்கத்தை வகுப்பில் காட்டலாம்: ஒரு கோலில் சற்று இறுக்கமாகக் கோத்த இரண்டு மணிகளை அலை முன்னும் பின்னும் நகர்த்தும், உராய்வில் கோல் சூடாகும். அந்தச் சூடு அலையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. கோலும் மணியும் புரிகிறது. ஆனால் "கன மீட்டருக்கு எவ்வளவு" என்றுதானே அவள் கேட்டாள்? அதற்கு என்ன சொல்வது?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கன மீட்டர் போதாது என்று சொல்லுங்கள், ஐயா. பல அலைநீளங்களுக்குச் சராசரி எடுத்தால் அலையின் ஆற்றல் அடர்த்திக்குப் பொருளுள்ள எண் கிடைக்கும் என்று ஐசக்சன் 1968இல் காட்டினார். அந்த இரட்டைப் பல்சர் சுமார் 2.45 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அலையின் அதிர்வு அதைப் போல் இருமடங்கு வேகம் என்பதால், ஒளியின் வேகத்தில் கணக்கிட்டால் ஓர் அலைநீளம் சுமார் 130 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து சனிக்கோள் வரையுள்ள தூரத்தை அது நெருங்குகிறது. அப்படிப் பல அலைநீளங்கள் அடங்கும் பெட்டியை எடுத்தால்தான் அவள் கேட்ட எண்ணை எழுத முடியும்.