கணையக் கசிவா, கணையப் புரைவழியா?

வணக்கம்.

கணையத் தலையை நீக்கும் விப்பிள் அறுவைக்குப் பின், இணைத்த இடத்திலிருந்து கணைய நீர் வெளியேறும் சிக்கலான 'பேன்கிரியாட்டிக் ஃபிஸ்டுலா'வுக்குக் கணையப் பவுத்திரம், கணையக் கசிவு என இரண்டு சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. பவுத்திரம் என்றால் நோயாளியின் நினைப்பு ஆசனவாய்க்குத்தான் போகும். கசிவு ஆகாது என்பதற்குக் காரணம் வரையறையிலேயே இருக்கிறது.

2005இன் பன்னாட்டு வரையறைப்படி, மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ வடிகுழாயில் வரும் நீரில், அது எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், அமைலேஸ் என்ற கணைய நொதி ரத்தத்தின் இயல்பு உச்சவரம்பைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் ஃபிஸ்டுலா. வரம்பு 100 என்றால் 300க்கு மேல். ஏ, பி, சி என மூன்று தரம். 2016இல் ஏ-யை நீக்கிவிட்டார்கள். எண் மட்டும் ஏறி, சிகிச்சை எதுவும் மாறாவிட்டால் அது வெறும் 'பயோகெமிக்கல் லீக்'. குழாய் 3 வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தோல்வழியே புதுக் குழாய் செருக நேர்ந்தாலோ பி. மறு அறுவை, உறுப்புச் செயலிழப்பு, மரணம் என்றால் சி. ஆக, லீக் வேறு, ஃபிஸ்டுலா வேறு. இரண்டையும் கசிவு என்றால் 2016இன் திருத்தம் தமிழில் காணாமல் போய்விடும்.

*

> லீக் வேறு, ஃபிஸ்டுலா வேறு

ஐயா, அப்படியானால் 'புரைவழி' பொருந்துமா? புரையோடிய புண் என்பது ஊர் வழக்கு. ஒருபுறம் மூடிய சைனஸைப் புரை என்றும், இருபுறமும் திறந்த ஃபிஸ்டுலாவைப் புரைவழி என்றும் பிரிக்கலாம். வெறும் 'கணையப் புரை' வேண்டாம், கண்புரைக்குத் தம்பி போல ஒலிக்கிறது. ஓர் ஐயம்: மூன்றாம் நாளிலேயே அங்கே வழி உண்டாகிவிடுமா?

*

உண்டாகாது. ஆங்கிலச் சொல்லிலும் அதே குறை இருக்கிறது. கணையம் மென்மையாக, கணைய நீர் வரும் நாளம் 3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தால், கணையத்தைக் குடலோடு இணைக்கும் தையல் நூல் சூடான இட்லியை அறுப்பதுபோல் திசுவை அறுத்துவிடும். கணைய நீர் இணைப்பருகே தேங்கி, குழாயோரமாக வெளியே வரும். சுவருள்ள வழி அமைவது பிறகுதான். ஆனாலும் பி, சி இரண்டுக்கும் புரைவழி தாங்கும்.

லீக்குக்கு 'உயிர்வேதிக் கசிவு' போதும். 'ஆய்வகக் கசிவு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கொரோனா நினைவுதான் வருகிறது.

இன்னொன்று. தேங்கிய நீர் இரைப்பை-முன்சிறுகுடல் தமனியின், அறுவையில் கட்டிய முனையை அரிக்கும். ரத்தம் பெருக்கெடுக்கும் முன், சில மணி நேரமோ சில நாளோ முன்பே, குழாயில் கொஞ்சம் ரத்தம் தலைகாட்டும். அப்போதே ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். இதை 'முன்னறி ரத்தக்கசிவு' என்றால் ஒரே நோய்க்குறிப்பில் இரண்டு கசிவு வரும். 'முன்னறி ரத்தப்போக்கு' என்றே எழுதுவோம்.

*

சரி ஐயா. 'தரம்' மட்டும் உறுத்துகிறது, தேயிலைக்குச் சொல்வதுபோல் இருக்கிறது. 'நிலை' புற்றுநோய்க்குப் போய்விட்டது. 'பி படிப் புரைவழி' எனப் பதிகிறேன்.