மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் புதுசா வந்தவங்களுக்கு: ஸ்பெஷல் கிளாஸும் தெரபியும்

தங்கச்சி, அஞ்சு வயசுப் பையனுக்கு இன்னும் பேச்சு வரல, என்ன செய்யறதுன்னு கேட்டிருந்தீங்க, பதிலை இங்கயே எழுதுறேன், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த மத்தவங்களுக்கும் உதவும். பையனுக்கு அஞ்சு வயசாகியும் பேச்சு வரலன்னா, ஸ்கூல்ல சேர்க்கும்போது பாத்துக்கலாம்னு விடாதீங்க. மாமியார் "இவன் அப்பாவும் லேட்டாதான் பேசினான்"னு சொல்வாங்க, சொல்லட்டும், நீங்க பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போய் ரெஃபர் லெட்டர் வாங்குங்க. முதல்ல காது டெஸ்ட், அதை விட்டுட்டு வேற எதுவும் பேசக்கூடாது. ஸ்பெஷலிஸ்ட்னா இங்கருந்து ஈப்போ பைனுன் ஹாஸ்பிட்டல்தான், தேதி கிடைக்க நாளாகும், அதனாலதான் இப்பவே கிளம்பச் சொல்றேன்.

குழந்தைக்கு மலேசியக் குடியுரிமை இருந்தா டாக்டர் கையெழுத்து போட்ட பாரத்தோட ஜேகேஎம்ங்கிற சமூக நலத்துறை ஆபிஸ்ல ஓகேயு கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிஞ்சிருங்க. வேலை பாஸ்ல வந்த குடும்பம்னா அரசு ஹாஸ்பிட்டல்லயும் வெளிநாட்டுக்காரங்க கட்டணம்தான், முன்னாடியே கேட்டுக்குங்க.

ஸ்கூல் விஷயம். பிபிகேஐன்னு சொல்ற, சாதாரணப் பள்ளிக்குள்ளயே சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்களுக்கு நடக்குற ஸ்பெஷல் கிளாஸ் எல்லா பள்ளியிலயும் இல்ல, தமிழ்ப்பள்ளியில சிலதுலதான் இருக்கு, எங்க இருக்குன்னு பிபிடிங்கிற மாவட்டக் கல்வி ஆபிஸ்ல கேளுங்க. 2013 சிறப்புக் கல்வி விதிப்படி, பிள்ளைக்கு அந்த கிளாஸ் ஒத்துவருதான்னு பாக்க மூணு மாசத்துக்கு மிகாம ஒரு பார்வைக் காலம் வைப்பாங்க, அதைப் பாத்து பயப்படாதீங்க. அந்த கிளாஸ்ல சேர்ந்த பிள்ளைக்கு மாசம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. நம்ம மாதிரி தோட்டப் பக்கத்து ஊர்ல ஸ்பீச் தெரபிஸ்ட் ஸ்கூல்லயே உக்காந்திருப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க, ஹாஸ்பிட்டல் அப்பாயின்ட்மென்ட்டும் இடைவெளி விட்டுதான் வரும், அப்ப அந்தக் கொஞ்ச நேரத்துல பிள்ளை பேசிரும்னு நம்பிக்கிட்டு இருந்தா வருஷம் ஓடிரும். ஒவ்வொரு தடவையும் தெரபிஸ்ட்கிட்ட "வீட்டுலயும் கிளாஸ்லயும் தினமும் என்ன செய்யணும்"னு எழுதி வாங்குங்க. அந்தத் தாளை அப்படியே டீச்சர்கிட்ட கொண்டு போங்க. ஸ்பெஷல் கிளாஸ் பிள்ளைக்கு ஆர்பிஐன்னு அந்தப் பிள்ளைக்குன்னே ஒரு தனிக் கல்வித் திட்டம் எழுதுவாங்க, அதுல தெரபிஸ்ட் சொன்னது இடம்பெறணும்னு கேளுங்க, கேக்குறது உங்க உரிமை. "பேச்சு முன்னேறணும்"னு பொத்தாம் பொதுவா எழுதினா ஒத்துக்காதீங்க. "ரெஸ்ட் நேரத்துல தண்ணி வேணும்னா படத்தைக் காட்டிக் கேப்பான், பத்து தடவைக்கு எட்டு தடவை"ன்னு இருந்தாதான் நடந்துச்சா நடக்கலையான்னு தெரியும். சட்டை பட்டன் போடுறது, பென்சில் பிடிக்கிறது, டாய்லெட் போகணும்னு சைகை காட்டுறது, இதெல்லாமும் அதே மாதிரி எழுதலாம். வகுப்புல இருக்குற உதவியாளர் அக்காகிட்டயும் அந்தப் படங்களைக் காட்டுங்க, நாள் முழுக்க பிள்ளை கூட இருக்குறது அவங்கதான்.

இன்னொன்னு, மலாய்ப் பள்ளியில இடம் கிடைச்சா கிளாஸ் மலாய்லதான் நடக்கும், அதனால வீட்டுல தமிழை நிறுத்துங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்கம்மா. ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு தாமதமாகாது, ஆராய்ச்சியும் அதைத்தான் காட்டுது. நீங்க மனசாரப் பேசுற மொழியிலதான் பிள்ளைகிட்ட நிறைய பேச முடியும், பாட்டி தாத்தாவும் அவன்கூடப் பேசணும்ல.

ஸ்கூல் வயசு வர்ற வரைக்கும் ஜேகேஎம் ஆதரவுல நடக்குற பிடிகேங்கிற சமூக மறுவாழ்வு மையம் பக்கத்துல இருக்கான்னு விசாரிங்க, கார்டு பதியப் போறப்பவே கேட்டுரலாம். பையனுக்கு காது டெஸ்ட் எடுத்தாச்சான்னு மட்டும் கீழ சொல்லுங்க.