ரோல்பிளே மேசையில் இசை: வேணுமா, வேண்டாமா?

பனிமூட்டம் (கோத்தகிரி)
மேசையச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு பாத்திரமாப் பேசி, பகடை உருட்டிக் கதைய நகர்த்தற டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டத்துக்குப் பின்னணி இசை கட்டாயம் வேணும்ங்கறது என் கட்சி. மூணு டிராக் போதும்: பயணம், பதற்றம், சண்டை. ஒவ்வொண்ணும் 10 நிமிஷமாவது ஓடணும். 2 நிமிஷ லூப்னா நாலாவது சுத்துலயே காது பிடிச்சிடும். அப்புறம் கதைய விட்டுட்டு லூப் எப்போ திரும்புதுன்னுதான் மனசு எண்ணும். பாட்டு வரி கூடாது. சினிமா பி.ஜி.எம். கூடவே கூடாது, நாலு நோட்டு கேட்டதும் பேச்சு அந்தப் படத்துக்குப் போயிடும். சோகக் காட்சிக்கு வீணையில மெதுவான சுபபந்துவராளி ஆலாபனை அருமையா நிக்கும். புன்னாகவராளி மட்டும் வேண்டாம், எல்லாருக்கும் பாம்பாட்டிதான் தெரிவார்.

சோலைக்குருவி (குன்னூர்)
இதுல எனக்கு உடன்பாடு இல்லைங்க. ஐப்பசி மழை தகரக்கூரையில அடிக்கும்போது கதைய நடத்தற ஜி.எம். (கேம் மாஸ்டர்) ஏற்கெனவே கத்தித்தான் பேசணும். அதுக்கு மேல இசையும் போட்டா, மெதுவாப் பேசுறவங்க குரல்தான் முதல்ல காணாமப் போகும். ரெண்டு தடவ "என்னது?"ன்னு கேட்டுட்டா கூச்சக்காரர் மூணாவது தடவ வாயே திறக்க மாட்டார். சண்டை டிராக் இன்னொரு கேடு. அது ஒலிச்சதும், பேசித் தீர்க்க நினைச்சவரும் கத்திய உருவிடுவார். முடிவு ஆட்டக்காரரோடதா இருக்கணும், ஸ்பீக்கரோடதா இல்ல.
ஒரே ஒரு ஒலி போதும். சோலைக்குள்ள புலி நடமாட்டம்னா கடமான் கணீர்னு ஒரு கத்து கத்தும். அத ஒரு தடவ போட்டுட்டு பத்து விநாடி யாரும் பேசாம இருங்க. மேசையே உறைஞ்சிடும்.

பனிமூட்டம்
சண்டை டிராக் விஷயத்துல நீங்க சொல்றது சரி. சண்டையில யார் முதல்லன்னு முடிவு பண்ற இனிஷியேட்டிவ் பகடைய உருட்டின பிறகுதான் அதப் போடணும், முன்னாடி போடவே கூடாது.
சத்தத்துக்கு வழி இருக்கு. ஸ்பீக்கர மேசை மேல வைக்காம, ஜி.எம்.முக்கு எதிர்மூலையில வைங்க. குரலும் இசையும் வேற வேற திசையில வந்தா காது சுலபமாப் பிரிச்செடுக்கும். கடைசி நாற்காலியில ஒருத்தர் சாதாரணக் குரல்ல ஒரு வரி படிக்கட்டும். ஜி.எம்.முக்கு ஒரு சொல் விட்டுப்போனாலும் சத்தத்தக் குறைங்க. மழை வலுத்தா நிறுத்திடுங்க, அப்போ மழையே இசை.
ஆனா உங்க கடமான் புளூடூத் ஸ்பீக்கர்ல மாட்டிக்கும். பல ஸ்பீக்கர் நிசப்தத்துல தூங்கிடும். எழுந்திருக்கறதுக்குள்ள முதல் அரை விநாடி போயிடும். கத்தோட தலை அங்கதான் இருக்கு. அடியில தம்புரா சுருதிய மெல்லிசா ஓடவிடுங்க, இல்லன்னா ஒயர் போடுங்க.

தேயிலைமேடு (உதகை)
நீலகிரிக் கதைன்னா அங்கத்த பழங்குடியான கோத்தரோட குழலும் மேளமும் சண்டைக்குப் போடலாமே? மலைரயில் ஒலியும் நல்லா எடுபடும்.

சோலைக்குருவி
கோத்தர் இசைய அப்படி எடுக்காதீங்க. அவங்ககிட்ட தெய்வத்துக்கு வாசிக்கற மெட்டு வேற, சாவுக்கு வாசிக்கற மெட்டு வேற. எது எதுன்னு தெரியாம சண்டையில போட்டா, ஒருத்தர் வீட்டு எழவு இசைக்குப் பகடை உருட்டின மாதிரி ஆயிடும்.
ரயில் ஒலி சரி, ஆனா எந்த வருஷக் கதை? குன்னூருக்கு ரயில் 1899, உதகைக்கு 1908. 1902 கதையில உதகையில விசில் ஊதக்கூடாது. ஏத்தத்துல ரயில் வழுக்காமப் பிடிக்கற பல்சக்கரத்தோட கடகடப்பும் கல்லாறுலேருந்து குன்னூர் வரைக்கும்தான்.

பனிமூட்டம்
குன்னூர் தாண்டினதும் அந்தக் கடகடப்ப 4 விநாடியில கரையவிட்டுட்டு, எதுவும் போடாதீங்க. அந்த இடத்துல இசை வேண்டாம்னு நானும் சொல்றேன்.