புதுப்பிப்பு: கீமோ நேரத்தில் அக்கா நடக்கலாமா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோ எடுக்கும் அக்கா நடக்கலாமா, படுத்து ஓய்வெடுப்பதுதான் நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். டாக்டர் நடக்கவே சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கிறாள். பேச முடியணும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும், அதுதான் வேகத்துக்கு அளவு. மருந்து ஏற்றிய அடுத்த சில நாள் வீட்டுக்குள்ளேயே மெதுவாக. காய்ச்சல் வந்தால் நடை கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

அசதி நன்றாகவே குறைந்திருக்கிறது. வாரம் 3 நாள், 30 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி (வேக நடை மாதிரி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி) அசதிக்கும் மனக்கலக்கத்துக்கும் உதவும் என்று 2019-இல் வந்த சர்வதேச நிபுணர் பரிந்துரையும் சொல்கிறது.

கை வீங்கிவிடும், கையை அசைக்கவே விடாதீர்கள் என்று பலர் அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். 1996-இல் கனடாவின் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்சி, இந்த நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைப் படிப்படியாகப் பழக்கி டிராகன் படகில் (பலர் சேர்ந்து ஓட்டும் நீளமான படகு) துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாக லிம்ஃபெடீமா, அதாவது நிணநீர் தேங்கிக் கை வீங்குவது, வரவில்லை. நாங்களும் டேப் வைத்து இரண்டு கையையும் அளந்து நோட்டில் குறிக்கிறோம்.

நடந்தால் மார்பகப் புற்றுநோயே வராமல் தடுக்குமா என்று கேட்டவர்களுக்கு: ஆபத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. மாதவிடாய் நின்றபின் உடம்புக் கொழுப்பிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜன் அதிகம் உருவாகிறது, நடந்து கொழுப்பு குறையும்போது அதுவும் குறைவது ஒரு காரணம். நடக்கிறோமே என்று மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே பரிசோதனை) மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து ரேடியேஷன். அந்த நேரத்தில் நடந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அக்காவிடம் வாசித்துக் காட்டுகிறேன்.