சரக்குக் கோரிக்கைக்கு உள் மென்பொருள்: எல்லாக் கட்டமும் கட்டாயமா?

வத்தளைவாசி:
கொழும்புக் கோட்டைப் பக்கம் ஒரு சரக்கு முகவர் கொம்பனிக்கு உள் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம். விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரிடம் வாங்கும் ஏற்றுமதிக் கோரிக்கையை, சரக்கை அனுப்பிவைக்கும் ஓப்பரேஷன்ஸ் பிரிவுக்குக் கொடுப்பதுதான் வேலை. இப்போது பாதி வட்ஸ்அப்பில் வருகிறது, பாதி மின்னஞ்சலில். கடைசியில் எல்லாம் ஒரே எக்ஸெலில் போய் விழுகிறது. எதை யார் மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

என் கட்சி இதுதான்: ஒரே படிவம். இறக்கும் துறைமுகம், இன்கோடேர்ம்ஸ் (செலவும் பொறுப்பும் எதுவரை யாருடையது என்ற விதி), எடை, கனஅளவு, எச்எஸ் குறியீடு (சுங்கத்துக்கான பொருள் வகை எண்), சரக்கு தயாராகும் திகதி எல்லாவற்றையும் நிரப்பினால்தான் அனுப்பும் பொத்தான் வேலை செய்யும். குழுவில் இரண்டு பேர் ஒத்துவராது என்கிறார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய வார்ஃப்:
தம்பி, நான் எதிர்க்கட்சி.

வாடிக்கையாளர் முதலில் எடுத்துச் சொல்வது என்ன? "அடுத்த கிழமை ஒரு நாற்பதடிக் கொள்கலன், ஹம்பர்க்." அவ்வளவுதான். ஆடைத் தொழிற்சாலையில் கார்ட்டன் எண்ணிக்கை பொதி கட்டும் கடைசி நாள்வரை மாறும். எடை எத்தனை என்று அவருக்கே அப்போது தெரியாது. நீங்கள் எடையைக் கட்டாயமாக்கினால் விற்பனைப் பொடியன் என்ன செய்வான்? எடை 1, கனஅளவு 1 என்று தட்டிவிட்டு அனுப்புவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.

வெறுங்கட்டத்தைப் பார்த்தால் இன்னும் தெரியவில்லை என்று புரியும். பொய் எண்ணைப் பார்த்தால் அதை நம்பி ஒருவர் கப்பலில் இடம் பிடிப்பார். எது மோசம்?

ஏர்டெஸ்க்:
அண்ணை கடல் பக்கம் இருந்து கதைக்கிறார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கதை வேறு.

பத்துப் பெட்டி, மொத்தம் 200 கிலோ என்று ஒரு கோரிக்கை வருகிறது. நீள அகலம் இல்லை. விற்பனை 200 கிலோவுக்கு விலை கொடுத்துவிட்டது. பெட்டி வந்து அளந்தால் ஒவ்வொன்றும் 60, 50, 70 சென்ரிமீற்றர். விமானச் சரக்கில் பிடிக்கும் இடத்தையும் எடையாகக் கணக்குப் பார்ப்பார்கள்: மூன்றையும் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் ஒரு பெட்டிக்கு 35 கிலோ, பத்துக்கு 350. விமான நிறுவனம் 350க்குத்தான் பணம் கேட்கும். மிச்சம் 150 கிலோவுக்கு யார் கட்டுவது? வாடிக்கையாளர் உங்கள் விலைக் கடிதத்தைத் தூக்கிக் காட்டுவார். லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

அதனால் நான் தம்பியோடு நிற்கிறேன். அளவு இல்லாத கோரிக்கை என் மேசைக்கு வரவே கூடாது.

தெமட்டகொடை:
கார்கோவைஸ் மாதிரி ரெடிமேட் மென்பொருள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? வாங்கிவிட்டுப் போகலாமே.

வத்தளைவாசி:
வேலைக் கோப்பு திறந்த பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அங்கே ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது. சுங்கப் பிரகடனம் சுங்கத்தின் அசிகுடா வேர்ல்ட் மென்பொருளில் போகிறது, அதையும் நாங்கள் தொடப்போவதில்லை. கோப்பு திறக்கும் முன்னால் நடப்பதைத்தான் கேட்கிறேன். அங்கேதான் எல்லாம் தொலைகிறது.

பழைய வார்ஃப்:
ஏர்டெஸ்க் தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அது விமானச் சரக்குக்கு விலை கொடுக்கும் நேரத்தில் சரி. எந்தக் கட்டம் எப்போது கட்டாயம் என்பதுதான் கேள்வி. எல்லாம் ஒரே நேரத்தில் என்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

விஜிஎம்மை எடுத்துப் பாருங்கள். 2016 ஜூலை 1இலிருந்து சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதிப்படி, சரிபார்த்த மொத்த எடை (அதுதான் விஜிஎம்) இல்லாத கொள்கலனைக் கப்பலில் ஏற்ற முடியாது. அதைவிடக் கட்டாயமான எண் எங்கள் தொழிலில் எது? ஆனால் கொள்கலனுக்குச் சரக்கு ஏற்றிக் கதவைப் பூட்டும்வரை அந்த எண்ணே பிறப்பதில்லை. அதைக் கோரிக்கைப் படிவத்தில் கேட்க முடியுமா? விலை கேட்பது, புக்கிங், சரக்கு ஏற்றல் என்று ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு கட்டாயம் வையுங்கள்.

வத்தளைவாசி:
படி படியாக வைத்தால் பாதிக் கோரிக்கைகள் முதல் படியிலேயே கிடந்து உக்கும், அண்ணை. இப்போதைய எக்ஸெலும் அப்படித்தான் தொடங்கியது, "பிறகு நிரப்பலாம்" என்று.

இன்னொன்று. சில எண்களில் மனிதரைக் கெஞ்சவே தேவையில்லை. கொள்கலன் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் ஒரு சோதனை இலக்கம். எழுத்துகளுக்கு 10இலிருந்து மதிப்பு, 11, 22, 33 மட்டும் விட்டு. ஒவ்வொரு இடத்தையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்ணால் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் மீதி அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. தட்டச்சுப் பிழையைப் பெரும்பாலும் அங்கேயே பிடிக்கலாம். விமானச் சரக்குச் சீட்டான எயர்வே பில்லின் எண்ணில் இன்னும் சுலபம்: விமான நிறுவனத்தின் மூன்று இலக்கத்தை விட்டு, அடுத்த ஏழு இலக்கத்தை 7ஆல் வகுத்த மீதிதான் கடைசி இலக்கம். இதையெல்லாம் எக்ஸெலில் யாரும் பார்ப்பதில்லை.

பழைய வார்ஃப்:
அதற்கு நான் இரண்டு கையும் தூக்குகிறேன். போட்ட எண் சரியா என்று இயந்திரம் பார்க்கட்டும். இல்லாத எண்ணைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஏர்டெஸ்க்:
எக்ஸெல் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் எக்ஸெலில் ஒரு வரிசை மஞ்சள் நிறத்தில் இருந்தால் கடல் பிரிவுக்குப் புக்கிங் முடிந்தது என்று அர்த்தம். எங்களுக்கு, வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கிறோம். ஒரே கோப்பு, ஒரே மஞ்சள். சரக்கை ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஓஃப் தாண்டிய பிறகுதான் அந்தச் சரக்குக்கு யாருமே இடம் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. நிறத்தை யார் போட்டது என்று கோப்பு சொல்லாது.

அதனால் இப்படிச் செய்தால் என்ன? வெறுங்கட்டம் வேண்டாம், பொய் எண்ணும் வேண்டாம். "பிறகு வரும்" என்று ஒரு தெரிவு இருக்கட்டும். அதை அழுத்தினால் எந்தத் திகதிக்குள், யார் தருவார் என்று இரண்டும் கேட்கவேண்டும். திகதி கடந்தால் அந்த ஆளின் பெயரிலேயே சிவப்பாக மேலே வரட்டும். விமானச் சரக்கின் அளவுக்கு மட்டும் அந்தத் தெரிவைத் தராதீர்கள்.

வத்தளைவாசி:
இது எனக்குப் பிடித்திருக்கிறது, அக்கா. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயரும் நேரமும் பதிவாகிறபடியால் உக்கிக் கிடக்கும் பிரச்சினைக்கும் பதில் கிடைக்கிறது.

பழைய வார்ஃப்:
அப்படியென்றால் "பிறகு வரும்" இல்லாத இன்னொரு கட்டமும் வேண்டும், இதில் நான் தம்பியைவிடக் கண்டிப்பு. அபாயகரமான சரக்கா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் அது எந்த அபாயப் பொருள் என்று காட்டும் ஐநா எண்ணும் பாதுகாப்புத் தரவுத்தாளும் கையில் இல்லாமல் விலையே கொடுக்கக்கூடாது.

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் நம் துறைமுகத்துக்கு வெளியே எரிந்ததை மறக்க முடியுமா? அதில் கசிந்தது நைட்ரிக் அமிலம் என்று கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்த சரக்கே நீர்கொழும்பு மீனவரை அந்தப் பாடு படுத்தியது. லித்தியம் பற்றரியை "உதிரிப்பாகம்" என்று எழுதி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஏர்டெஸ்க்:
விமானத்தில் அந்தப் பற்றரி இன்னும் ஆபத்து. விற்பனைப் பிரிவில் யாரும் "இல்லை"யைப் பழக்கத்தில் அழுத்திவிடக் கூடாது, தெரிவு எதுவும் முன்கூட்டியே போட்டிருக்கவேண்டாம். சரக்கின் விபரத்தையும் சொந்த வார்த்தையில் எழுதவைக்க வேண்டும்.

வத்தளைவாசி:
சரி. அபாயச் சரக்கு, விமானச் சரக்கின் அளவு, இறக்கும் இடம் மூன்றும் முதல் படியிலேயே கட்டாயம். மற்றவைக்கு "பிறகு வரும்", திகதியோடும் ஆளோடும். முதலில் விமானப் பிரிவில் ஓடவிடுகிறேன். ஆனால் அண்ணை, புக்கிங்குக்கு முன்னால் எடை வந்தே ஆகவேண்டும் என்பதில் நான் இறங்கி வரமாட்டேன். உத்தேச எடையாவது வேண்டும்.

பழைய வார்ஃப்:
உத்தேசம் என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எச்எஸ் குறியீட்டை மட்டும் விற்பனையின் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எட்டு இலக்கத்தைச் சரியாகப் போடுவது சுங்க வேலை பார்க்கும் ஆளின் பொறுப்பு. சரக்கு என்ன, எதனால் செய்தது, எதற்குப் பாவிப்பது, இந்த மூன்றை விற்பனை கேட்டு எழுதினால் போதும்.