2001 மியாட்டா: நாலு ஷாக்கும் மாத்தணும், எதை வாங்கலாம்?

மிசிசாகா_என்பி

வணக்கம். வண்டி 2001 மாஸ்டா மியாட்டா, இரண்டாம் தலைமுறை (என்பி), 1.8 இன்ஜின், 5 கியர் மேனுவல், 1,68,000 கி.மீ. ஓடியது. டயர் 205/45ஆர்16. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் எல்லாம் வண்டியோடு வந்தவை. ஸ்போர்ட் பேக்கேஜ் இல்லை, அதாவது பில்ஸ்டீன் ஷாக் வராத மாடல். குளிர்காலத்தில் நான் வெளியே எடுப்பதில்லை. ஆனால் முன்பு வைத்திருந்தவர் டொராண்டோவின் உப்பு ரோட்டில் ஓட்டியிருக்கிறார்.

பிரச்சினை மூன்று:

1. பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி ஒரு தடவையோடு நிற்காமல் இன்னொரு முறை ஆடுகிறது.
2. வளைவின் நடுவில் மேடு வந்தால் பின்பக்கம் ஓரடி நகர்வது போல உதறுகிறது.
3. 20–30 கி.மீ. வேகத்தில் சின்னச் சின்ன மேடுகளில் முன் இடதுபக்கம் 'டொக் டொக்' சத்தம்.

பின் வலது ஷாக்கின் உடம்பு எண்ணெயில் நனைந்து, தூசி ஒட்டிக் கருப்பாக இருக்கிறது. பட்ஜெட் 900 கனடா டாலர். 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் செட் ஒன்று மலிவாகக் கிடைத்ததால் வாங்கி வைத்துவிட்டேன், இன்னும் மாட்டவில்லை. சாதா கேஒய்பி (KYB), பில்ஸ்டீன் பி6, மஞ்சள் கோனி: இந்த மூன்று ஷாக்கில் எது? வார நாளில் வேலைக்குப் போக, மாதம் ஒருமுறை நல்ல வளைவு ரோட்டில் ஓட்ட, அவ்வளவுதான். ரேஸ் டிராக் கிடையாது.

---

சஸ்பென்ஷன்_சரவணன்

முதலில் அந்த 30 மி.மீ. ஸ்பிரிங்கை ஓரமாக வையுங்கள். ஷாக் தேர்வே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இந்த வண்டியில் சக்கரம் மேலே ஏற இருக்கும் இடமே குறைவு. கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே பெரிய மேட்டில் ஷாக் பம்ப் ஸ்டாப்பை (ஓட்டத்தின் முடிவில் அடியைத் தாங்கும் ரப்பர் கட்டை) தொட்டுவிடும். சக்கரம் நகரும் தூரத்தில் முன்பக்க ஷாக் நகர்வது சுமார் 0.7 பங்கு, பின்பக்கம் 0.8-க்குக் கொஞ்சம் கீழே. ஆகவே 30 மி.மீ. இறக்கினால் முன்னால் 21 மி.மீ., பின்னால் 23 மி.மீ. அளவுக்கு ஷாக்கின் ஓட்டம் நின்ற இடத்திலேயே செலவாகிவிடும். மிச்ச ஓட்டத்தை ரப்பர்தான் தாங்கணும். ரப்பர் நசுங்க ஆரம்பித்ததும் ஸ்பிரிங் திடீரென்று பல மடங்கு கடினமானது மாதிரி ஆகும். வளைவின் நடுவில் அது நடந்தால் அந்த டயருக்கு ஒரே அடியில் சுமை ஏறி, பிடி விடும். இப்போது செத்த ஷாக்கால் வரும் உதறல், அப்போது புது ஷாக்கோடும் வரும்.

மூன்றையும் பார்த்தால்:

சாதா கேஒய்பி இரட்டைக் குழாய் ஷாக். பழைய ஸ்பிரிங்கோடு ஒத்துப்போகும், விலை குறைவு. புது வண்டியாக ஷோரூமிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படி ஆகும். அதில் குறை ஒன்றும் இல்லை. இன்றைக்கு உங்களுக்கு அந்த நினைவே இருக்காது, மாட்டியதும் ஆச்சரியப்படுவீர்கள்.

பில்ஸ்டீன் பி6 ஒற்றைக் குழாய், உயர் அழுத்த வாயு. எண்ணெயும் வாயுவும் தனித்தனி அறையில் இருப்பதால் தொடர்ந்து வளைவில் ஓட்டினாலும் எண்ணெய் நுரைக்காது, பிடிப்பு குறையாது. சின்ன அசைவுக்கே பதில் சொல்லும். ஆனால் உடைந்த ரோட்டில் சிறு சிறு அதிர்வு உள்ளே தெரியும். சரிசெய்யும் திருகு எதுவும் இல்லை, மாட்டினால் மறந்துவிடலாம்.

மஞ்சள் கோனியில் மேலே திருகு உண்டு. அது ரீபவுண்டை மட்டும்தான் மாற்றும், அதாவது ஷாக் நீளும்போது உள்ள பிடிப்பை. அமுங்கும்போது உள்ள பிடிப்பு மாறாது. பிற்பாடு கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போடும் எண்ணம் இருந்தால் இதுதான் சரி. ஒரு கணக்கு: ஸ்பிரிங் 30% கடினமானால் ஷாக் பிடிப்பு சுமார் 14% கூடினால் போதும், வர்க்கமூலக் கணக்கில் வருவது அது. இதைத் தெரியாமல் திருகை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். அப்போது அமுங்கிய சக்கரம் கீழே இறங்கி முடிப்பதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேடு தொடர்ந்தால் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் சொன்ன உபயோகத்துக்கு, பழைய ஸ்பிரிங்கோடு பி6. ஸ்பிரிங்கை விற்றுவிடுங்கள்.

---

வளைவுப்பிரியன்

ஸ்பிரிங் விஷயத்தில் சரவணன் சொல்வது சரி. ஷாக்கில் நான் கோனி பக்கம். டொராண்டோ ரோட்டின் விரிசல், ஒட்டுத் தார் எல்லாம் நினைத்தால், அன்றாடம் ஓட்டுகிறவருக்கு பி6 கொஞ்சம் கடுப்பு. கோனியை முழு மென்மையில் வைத்து மாட்டி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள். இடதும் வலதும் ஒரே அளவு. திருகு முடிவில் நிற்கும்போது அழுத்தித் திருப்பினால் உள்ளே உடையும்.

ஆனால் உங்கள் மூன்றாவது பிரச்சினை ஷாக்கே இல்லையென்று தோன்றுகிறது. மெதுவான வேகத்தில், சின்ன மேட்டில், ஒருபக்கம் மட்டும் டொக் சத்தம் என்றால் முதல் சந்தேகம் ஆன்டி ரோல் பார் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு. முன்பக்க லிங்க் இரண்டையும் கழற்றி, தொங்கும் பாரை எதிலும் இடிக்காமல் கட்டிவைத்து, தெருவில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க் அல்லது பாரின் ரப்பர் புஷ். அப்போதும் சத்தம் வந்தால் ஷாக் மேல் நட்டு, அடுத்து மேல் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு). புது ஷாக் மாட்டியும் சத்தம் போகவில்லை என்று ஷாக்கைத் திட்டுகிறவர்கள் பாதிப் பேர் இதைச் சோதிக்காதவர்கள்.

---

மிசிசாகா_என்பி

ரொம்ப நன்றி. லிங்க் கழற்றி ஓட்டினேன், சத்தம் இல்லை. இடது லிங்கின் பந்து விரலால் ஆட்டினாலே ஆடுகிறது. இரண்டு பக்கமும் புதுசு ஆர்டர் செய்துவிட்டேன். ஷாக் பி6 என்று முடிவு. நானே மாட்டலாமென்று இருக்கிறேன். எதிலெல்லாம் கவனமாக இருக்கணும்?

---

துருவோடு_போராளி

வாங்க வேண்டியவை: ஷாக் 4, பம்ப் ஸ்டாப் 4, தூசி உறை 4, டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு இணைக்கும் பகுதி) புஷ் செட் 4, ஷாக் கம்பியின் மேல் நட்டு புதுசு 4. இருபது வருஷப் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டால் மாவாக உதிரும், அதைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று நாள் முன்பிருந்தே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் தினமும் அடியுங்கள். உப்பு ரோட்டு வண்டியில் பின்பக்க லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) வெளிமுனையில் இருக்கும் நீண்ட போல்ட் அதன் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். முடிந்தவரை அதைத் தொடாமலே வேலையை முடியுங்கள். பார் லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றினால்தான் ஆர்ம் கீழே இறங்கும். ஒருபக்கம் மட்டும் கழற்றிவிட்டு எவ்வளவு அமுக்கினாலும் இன்னொரு பக்கம் தூக்கிப் பிடிக்கும். ஆர்மை அமுக்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் பாருங்கள்.

மேலே 14 ஸ்பேனர், கீழே 17. பின்பக்க மேல் நட்டுகள் டிக்கிக்குள் உறைக்குப் பின்னால் இருக்கும். வலதுபக்கம் பேட்டரியை எடுத்துவிட்டால் கை நுழைய வசதி.

கழற்றும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. நாலு சக்கரத்திலும் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டாப் மவுண்ட், ஸ்பிரிங், ஷாக்கின் கீழ்க் கண் (கீழ் போல்ட் நுழையும் வளையம்) மூன்றுக்கும் சேர்த்து பெயின்டில் ஒரே நேர்க்கோடு போடுங்கள். மவுண்ட் ஒரு விரற்கடை திரும்பியிருந்தாலும் கீழ் போல்ட் துளைக்கு வராது. அப்புறம் ஸ்பிரிங்கை மறுபடியும் அமுக்கணும்.

ஸ்பிரிங் அமுக்கும் கொக்கி இரண்டையும் நேர் எதிரெதிரே வைத்து, மாறி மாறிச் சில சுற்றுகளாகத் திருகுங்கள். முகத்தை ஸ்பிரிங்குக்கு நேரே வைக்காதீர்கள். மேல் நட்டைக் கழற்ற, இறுக்க, காற்று ரெஞ்ச் வேண்டாம். கம்பி உள்ளே சுழன்றால் சீல் போய்விடும். கம்பியை ப்ளையரால் பிடித்தாலும் கீறல் விழுந்து சில மாதத்தில் எண்ணெய் ஒழுகும். பி6 தானாகவே நீளும் ஷாக், கட்டியிருக்கும் பட்டையை மாட்டுகிற வரை அறுக்காதீர்கள்.

கடைசியாக, நிறையப் பேர் தவறவிடும் இடம். கீழ் போல்ட்டைத் தூக்கிய நிலையில் கையிறுக்கம் மட்டும் இறுக்குங்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிய பிறகே 73–93 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கணும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி உயரம் தப்பாக நிற்கும், புஷ் சீக்கிரம் கிழியும். சக்கர நட்டு 88–118.

200 கி.மீ. ஓடியதும் மறுபடி உயரம் அளந்து, அலைன்மென்ட் பாருங்கள். வாயு அழுத்தத்தால் சில மி.மீ. உயர்ந்திருக்கும், அது சகஜம். முன்னால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5, முன் டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்னால் லேசாக உள்நோக்கி. இந்த வண்டிக்கு ரோட்டில் நன்றாக இருக்கும்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. பணம் செலவழிக்கும் முன் முன்சக்கரத்துக்கு உட்புறமாக ஓடும் சட்டத்தை (ஃபிரேம் ரெயில்), அடிப்பக்கத்தில் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். என்பி-யில் அது உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். 'டங்' என்றால் நல்லது. 'தொப்' என்றால் நிறுத்துங்கள்.

---

மிசிசாகா_என்பி

தட்டினேன். வலது 'டங்'. இடதில் ஒரு கை நீளத்துக்கு 'தொப்', ஒரு இடத்தில் முனை உள்ளே போய்விட்டது. ஷாக் இன்னும் ஆர்டர் போடவில்லை.

---

துருவோடு_போராளி

போடாதீர்கள். அந்தச் சட்டம்தான் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃபிரேமுக்கு ஆதாரம். மேலே தகடு ஒட்டி மூடுகிற கடை வேண்டாம். அழுகியதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, புது ரெயில் துண்டு வைத்து வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு அடிப்பவராகப் பாருங்கள். வெட்டிய பிறகு, மூடுவதற்கு முன் போட்டோ கேளுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றணும்.

லிங்க் இரண்டையும் இப்போது மாட்டாமல் வையுங்கள். எப்படியும் முன்பக்கம் கழற்றப்படும், அப்போது ஷாக்கையும் சேர்த்து மாட்டினால் ஒரே கூலி, ஒரே அலைன்மென்ட். பணம் அவ்வளவுதான் என்றால் வெல்டிங்கும் நாலு சாதா கேஒய்பியும். பி6-க்காக வெல்டிங்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

---

சஸ்பென்ஷன்_சரவணன்

அதேதான். என் பி6 யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கேஒய்பி வாங்கினால் ஒன்று: படுக்க வைத்தே வந்திருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, முழுக்க நீட்டி முழுக்க அமுக்கி, நாலைந்து தடவை. முதல் இரண்டு தடவை நடுவில் வெற்றிடம் போல லூசாகப் போகும், பிறகு சீராகும். அதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, புது ஷாக் சத்தம் போடுகிறது என்று திருப்பி அனுப்பாதீர்கள்.